ரோமில் உட்கார என்ன விலை?

ரோமுக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "ஊர் பிரமாதம், ஆனா பர்ஸ் காலி!" கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு, ஐரோப்பா என்றால் பணக்காரர்கள் போகிற இடம், வேலை கிடைத்து நாலு காசு சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

இது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அந்த ஊரில் பார்ப்பதற்கு அதிகம் செலவாவதில்லை. நடப்பதற்குச் செலவே இல்லை. நிற்பதற்கும் இல்லை. உட்கார்ந்தால்தான் பில் வருகிறது!

விளையாட்டுக்குச் சொல்வதில்லை. இத்தாலியில் 'பார்' என்றால் முதலில் அது காபிக் கடை, மற்றதெல்லாம் பிறகுதான். உள்ளே போய், கல்லாவில் காசைக் கட்டி, ரசீதைக் கவுண்ட்டரில் வைத்து, நின்றபடியே ஒரு எஸ்பிரெஸோ குடித்தால் ஒரு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதே காபியை அதே கடையில் மேஜையில் உட்கார்ந்து குடித்தால் விலை வேறு. பெயர்பெற்ற சதுக்கத்தைப் பார்த்துப் போட்ட மேஜை என்றால் நாலைந்து மடங்குகூட ஆகலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விலைப்பட்டியல் கடையிலேயே இருக்கும். அங்கே விற்கப்படுவது காபி அல்ல, நாற்காலி. வாடகை எகிறிக் கிடக்கிற இடத்தில் ஓர் ஆள் அரைமணி நேரம் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு விலை போடுகிறார்கள், அவ்வளவுதான். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். உள்ளூர்க்காரர்கள் இரண்டே மடக்கில் குடித்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். உட்கார்ந்து மாட்டிக்கொள்வது வெளியூர்க்காரர்கள்தான்.

சரி, கடைக்காரர் நாற்காலிக்கு விலை வைத்தால் அது வியாபாரம். மாநகராட்சியே வைத்தால்?

ஸ்பானியப் படிக்கட்டு என்று ஒன்று இருக்கிறது. 1720-களில் கட்டியது. மலைமேல் இருக்கும் தேவாலயத்தையும் கீழே இருக்கும் சதுக்கத்தையும் இணைக்கிற அகலமான, வளைந்து வளைந்து இறங்குகிற கல் படிகள். பல தலைமுறைகளாகக் காதலர்கள், ஓவியர்கள், வேலையில்லாதவர்கள், பையைத் தலைக்கு வைத்த மாணவர்கள் எல்லோரும் உட்கார்ந்த இடம். படி என்றால் ஏறத்தான் வேண்டும் என்று அதைக் கட்டினவர் நினைத்திருந்தால் இவ்வளவு அகலமாக, நடு நடுவே மேடை வைத்துக் கட்டியிருக்க மாட்டார். 2019-இல் அதில் உட்காரத் தடை வந்தது. உட்கார்ந்தால் 250 யூரோ, அழுக்காக்கினால் 400 யூரோ வரை அபராதம். போலீஸார் விசில் ஊதி எழுப்பிவிடுகிறார்கள். கல் பாழாகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஒரு பிரபல நகை நிறுவனம் 15 லட்சம் யூரோ கொடுத்துச் சீரமைத்த படிகள் அவை. ஐஸ்கிரீமும் ஒயினும் கொட்டினால் கறை படியும் என்பதும் உண்மைதான். ஆனால் கொட்டுகிறவனைப் பிடிக்காமல் உட்காருகிறவனையே பிடிப்பது என்ன நியாயம்? அந்தச் சதுக்கத்தைச் சுற்றிலும் காசு கொடுத்தால் உட்கார வைக்கிற கடைகள் நிறைய உண்டு. காசில்லாதவனுக்கு இருந்த ஒரே இருக்கை அந்தப் படிதான்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால் ரோம் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தியாவிலிருந்து போகிற மாணவனுக்கு உண்மையான செலவு ரோமில் இல்லை, ரோமுக்குப் போய்ச் சேருவதில்தான் இருக்கிறது. விமான டிக்கெட், ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ (2024 ஜூனில் 80-லிருந்து ஏற்றினார்கள், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது), 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கில் காட்டவேண்டிய இருப்பு. இதெல்லாம் இரண்டு நாள் தங்கினாலும் இருபது நாள் தங்கினாலும் ஒன்றுதான். நிலையான செலவு! ஆகவே இவ்வளவையும் கட்டிவிட்டு, அங்கே போய் 5 யூரோவைப் பார்த்து ஒரு கட்டடத்துக்குள் நுழையாமல் திரும்புவது சிக்கனம் இல்லை, அசட்டுத்தனம். சிக்கனம் என்பது எதற்குக் காசு தேவையில்லை என்று தெரிந்து வைத்திருப்பது.

எதற்குத் தேவையில்லை? தேவாலயங்களுக்கு. ரோமின் பெரிய ரகசியம் இது. ரகசியம்கூட இல்லை, எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் பட்டியல் போட்டு டிக்கெட் வாங்கி ஓடுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. மற்ற ஊர்களில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, டிக்கெட் கொடுத்துக் காட்டுகிற தரத்து ஓவியங்கள் ரோமில் தெருமுனைத் தேவாலயத்தில், எந்த இடத்துக்காக வரைந்தார்களோ அதே சுவரில் தொங்குகின்றன. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்செஸி தேவாலயம். உள்ளே இடதுபக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள், எல்லாம் புனித மத்தேயுவைப் பற்றியவை. சாந்தா மரியா தெல் போபொலோவில் இன்னும் இரண்டு, 1600-ஐ ஒட்டி வரைந்தவை. கொலோசியத்திலிருந்து கொஞ்சம் மேடேறினால் சான் பியெத்ரோ இன் வின்கோலி. அங்கே மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. (மோசேக்கு மட்டும் அபராதம் இல்லை போலும்!) இவை எதற்கும் டிக்கெட் கிடையாது. சில இடங்களில் ஒரு பெட்டியில் நாணயம் போட்டால் ஓவியத்தின்மேல் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். யாராவது போடுவார்கள் என்று பத்துப் பேர் இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்பதும் ஒரு வேடிக்கைதான். சிக்கனம் பேசுகிறவர்கள் அந்த ஒரு நாணயத்தையாவது தயங்காமல் போடவேண்டும்.

புனித பேதுரு பேராலயத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு, அது நீளம். உள்ளே நுழைந்ததும் வலதுபக்கம் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா. இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் தாய். 1499-இல் அதை முடித்தபோது அவருக்கு வயது 24. டிகிரி முடித்து வேலை தேடுகிற வயது! 1972-இல் ஒருவன் சுத்தியலால் அடித்து உடைத்தபிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஒரே ஒரு தேவாலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சான்த் அகொஸ்தீனோவுக்குப் போகவேண்டும். அதுவும் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான். கூட்டம் குறைவு. உள்ளே போனதும் இடதுபக்க முதல் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோவின் 'லொரேத்தோ மாதா' இருக்கிறது. வீட்டு வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாதா நிற்கிறாள். எதிரே ஓர் ஏழை ஆணும் ஒரு கிழவியும் மண்டியிட்டிருக்கிறார்கள். நடந்தே வந்த யாத்திரிகர்கள். அந்த ஆளின் பாதங்கள் பார்க்கிறவர் முகத்துக்கு நேராக இருக்கின்றன, அத்தனை அழுக்கு. கிழவியின் தலைத்துணி கிழிந்திருக்கிறது. பீடத்துக்கு மேலே, பூசை நடக்கிற இடத்தில், ஒரு பரதேசியின் அழுக்குக் கால்! வரைந்து மாட்டியபோது ஊரில் பெரிய சலசலப்பு எழுந்ததாக அக்காலத்து எழுத்தாளர் ஒருவரே பதிவு செய்திருக்கிறார். 1606-இல் கரவாஜ்ஜோ ஒரு சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டு ரோமைவிட்டே ஓடினார் என்பது வேறு கதை. படம் அங்கேயே இருக்கிறது. ரோமுக்கு வருகிறவன் யார் என்று அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும். அவன் கையில் கைத்தடிதான் இருக்கிறது, பணப்பை இல்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் ரோமில் தாகம் எடுத்தால் பாட்டில் வாங்குகிறவர்கள் ஒன்று அவசரக்காரர்கள், இல்லையென்றால் விஷயம் தெரியாதவர்கள். தெருவுக்குத் தெரு இரும்பாலான குடிநீர்க் குழாய்கள் நிற்கின்றன. 'நசோனே' என்று பெயர், பெரிய மூக்கு என்று அர்த்தம். குழாய் வளைந்து தொங்குவதைப் பார்த்தால் பெயர்க்காரணம் விளங்கிவிடும். 1874-இல் தொடங்கி வைத்தார்கள், இன்று சுமார் 2,500 இருக்கின்றன. மூடித் திறக்கிற வேலை இல்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து பாயும், குனிந்து குடித்துக்கொள்ளலாம். வீடுகளுக்குப் போகிற அதே நல்ல தண்ணீர். 2017 வறட்சியில் இவற்றை மூடத் தொடங்கியபோது, வீணாகிறது என்று ஒரு தரப்பும், வீடில்லாதவர்கள் எங்கே போய்க் குடிப்பார்கள் என்று ஒரு தரப்பும் சண்டை போட்டன. இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி.

சாப்பாட்டுக்கும் அதே சூத்திரம், நின்றால் மலிவு. துண்டு பீட்சாக் கடைகளில் நீளத் தட்டிலிருந்து கேட்கிற அளவுக்குக் கத்தரியால் வெட்டி, எடைபோட்டுக் கொடுப்பார்கள். வெறும் தக்காளி தடவியது, உருளைக்கிழங்கு வைத்தது என்று சைவத்துக்கும் வழி உண்டு. ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவெடுத்தால் 'காச்சோ எ பேப்பே' கேட்கலாம். பாஸ்தா, ஆட்டுப்பால் சீஸ், மிளகு, வேறொன்றும் கிடையாது. (சுத்த சைவர்கள் கவனிக்க, அந்த பெகொரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள்.) இந்த மிளகுக்கும் தமிழுக்கும் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. சேர நாட்டு முசிறியில் யவனர் கப்பலில் ஏறிய மிளகு கடைசியில் வந்து சேர்ந்தது இங்கேதான். முதல் நூற்றாண்டில் தொமிதியன் என்ற பேரரசன் ரோமின் மன்றத்துக்குப் பக்கத்திலேயே மிளகுக் கிடங்கு கட்டினான். அதன் மிச்சம் மாக்செந்தியஸ் மண்டபத்துக்கு அடியில் இருக்கிறது. இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறது என்று பிளினி புலம்பியிருக்கிறார். வர்த்தகப் பற்றாக்குறையைப் பற்றிய மிகப் பழைய புலம்பல்களில் ஒன்று! கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைக்கிற ரோமானியக் காசுகள் அதற்குச் சாட்சி.

இனி டிக்கெட் வாங்கவேண்டிய இடங்கள். இங்கேதான் கொஞ்சம் கோபம் வருகிறது.

கொலோசியம், மன்றம், பாலத்தீன் குன்று மூன்றுக்கும் சேர்த்துச் சாதாரண டிக்கெட் 18 யூரோ. அத்தனை பெரிய இடத்துக்கு இது அநியாய விலை இல்லை. ஆனால் 18 முதல் 25 வயதுவரை உள்ள ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்கு 2 யூரோதான். 22 வயது ஜெர்மன் மாணவனுக்கு 2 யூரோ, அதே வயது இந்திய மாணவனுக்கு 18. வருமானம் குறைந்தவனிடம் அதிகம் வாங்குகிற விலைப் பாகுபாடு எந்தப் பாடப்புத்தகத்திலும் நல்ல உதாரணமாக வராது. தாஜ் மகாலில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய் வாங்கவில்லையா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஏழை நாட்டு மாணவன் அங்கேயும் 1,100-தான் கட்டுகிறான், அதுவும் தப்புதான்.

அந்த 18 யூரோ டிக்கெட்டாவது கைக்குக் கிடைக்கிறதா என்றால், அதுவும் பல காலம் கிடைக்கவில்லை. தானியங்கி மென்பொருள் வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளி, வழிகாட்டியோடு சேர்த்துக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஆணையம், டிக்கெட் விற்பனையைக் கவனித்த நிறுவனத்துக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. பயன் அடைந்தவர்கள் யார், இழந்தவர்கள் யார் என்று விளக்கவே வேண்டாம்.

பாந்தியன் 2023 ஜூலை வரை இலவசம். ஏறத்தாழ 1,900 வருடம் பழைய கட்டடம், 43 மீட்டர் அகலக் குவிமாடம், நடுவில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே பெய்யும். இப்போது 5 யூரோ, அதில் 70 சதவிகிதம் கலாசார அமைச்சகத்துக்கு, 30 சதவிகிதம் ரோம் மறைமாவட்டத்துக்கு. ட்ரெவி நீரூற்றின் தொட்டிக்கு அருகே இறங்கி நிற்க 2026 பிப்ரவரியிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ என்று மேயர் ரொபெர்தோ குவால்தியேரி 2025 டிசம்பரில் அறிவித்தார். வெனிஸ் இன்னும் ஒருபடி மேலே போய் 2024-இல் நெரிசல் நாட்களில் ஊருக்குள் வரவே 5 யூரோ வாங்கத் தொடங்கியது, 2025-இல் கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு அது 10 ஆனது.

பராமரிப்புக்கு என்றால் ஒத்துக்கொள்ளலாம். பழைய கட்டடத்தைக் காப்பாற்றக் காசு வேண்டும், பார்க்க வருகிறவன் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் கூட்டத்தைக் குறைக்க என்று சொல்லும்போதுதான் உதைக்கிறது. 2 யூரோவோ 5 யூரோவோ, விமானத்தில் வந்து குழுவாகச் சுற்றுகிற எவரையும் தடுக்கப்போவதில்லை. தடுத்தால் தடுக்கப்படுகிறவன் ஒவ்வொரு நாணயத்தையும் எண்ணுகிறவன் மட்டும்தான். கூட்டத்தைக் கட்டுப்படுத்த இன்னொரு வழியும் இருக்கிறது, அதை இத்தாலியே செய்து காட்டியிருக்கிறது. 2014-லிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், கொலோசியமும் சேர்த்து. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம், மதியம் 12.30-க்குள் உள்ளே போய்விடவேண்டும். சிஸ்தீன் சிற்றாலயமும் அதில் அடக்கம். வரிசை பயங்கரமாக இருக்கும். இருக்கட்டுமே! வரிசை என்பதும் ஒரு விலைதான், ஆனால் காசில் இல்லாமல் நேரத்தில் கட்டுகிற விலை. மாணவனிடம் இல்லாதது பணம், இருப்பது நேரம். பணக்காரனுக்கும் ஒரு நாளுக்கு 24 மணிதான். அவசரமாக இருப்பவன் வேறு நாளில் காசு கட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதை வைத்துச் சிக்கனமாகச் சுற்றுகிறவன் எப்போதும் நல்லவன், ஊர்தான் கெட்டது என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. உட்காருவதைவிடச் செலவானது படுப்பது. அதில் காசு மிச்சம் பிடிக்க நாலு நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பிளாட்டை வாடகைக்கு எடுப்பது இப்போது சகஜம். தலைக்குக் கணக்குப் போட்டால் மலிவாகத் தெரியும். ஆனால் அந்த பிளாட்டில் முன்பு ஒரு குடும்பம் இருந்தது. இரவு வாடகையில் வருகிற பணம் மாத வாடகையில் வராது என்று தெரிந்தபின் எந்த வீட்டுக்காரர் குடும்பத்துக்கு விடுவார்? ரோமின் பழைய தெருக்களில் கதவுகளுக்குப் பக்கத்தில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. 2024-இல் சிலர் இரவோடு இரவாக அவற்றை அறுத்துவிட்டு, ராபின் ஹூட் தொப்பியை மாட்டிவிட்டுப் போனார்கள். சட்டப்படி தப்புதான், கோபம் நியாயமானது. விடுதியில் பத்துப் பேரோடு ஓர் அறையில் படுக்கலாம். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. எளிமையானவை, சுத்தமானவை, பலவற்றில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பவேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு அது புதிதா என்ன? 2011-லிருந்து தங்குகிற ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு ஒரு வரி உண்டு, அதை மறைக்காமல் கட்டிவிடவேண்டும். குப்பை அள்ளுகிறவருக்கும் குழாய் பழுதுபார்க்கிறவருக்கும் சம்பளம் எங்கிருந்தோ வரவேண்டுமே.

ஏழை யாத்திரிகன் ரோமுக்குப் புதியவன் இல்லை. 1300-இல் முதல் யூபிலி ஆண்டு அறிவித்ததிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்தே வந்தார்கள். அவர்கள் எங்கே தங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று 1548-இல் பிலிப்பு நேரி என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். வந்தவர்களுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். நடந்து வந்த கால்களைக் கழுவியும் விட்டார்கள். கரவாஜ்ஜோ வரைந்தது அப்படிப்பட்ட கால்களைத்தான். அந்தச் சங்கத்தின் தேவாலயம், சாந்தீஸ்ஸிமா திரினிதா தெய் பெல்லெக்ரீனி, காம்போ தெ ஃபியோரி சந்தையிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி இன்றும் இருக்கிறது. பீடத்தில் குய்தோ ரேனி வரைந்த பெரிய ஓவியம். வரிசையாக மர பெஞ்சுகள். உட்காரக் காசு கேட்பதில்லை.

பி.கு: தேவாலயங்கள் பலவும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி, மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்துக்கு அவெந்தீன் குன்றின்மேல் இருக்கும் ஆரஞ்சுத் தோட்டம் நல்லது. நிழல் உண்டு, ஊர் முழுக்கத் தெரியும், பெஞ்சும் உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம், இல்லையென்றால் புனித பேதுரு பேராலய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.